சொல்லாமல் கை மாறும் லோடு: லாரி புக்கிங் ஏஜெண்டுகள் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாமக்கல், சங்ககிரி, சேலம், கோவை வட்டாரத்தில் லோடு பிடித்து வண்டி வைக்கிற வேலையில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒரு புக்கிங் ஆபீஸ் மில்லிடம் பேசி லோடை எடுக்கிறது. "வண்டி என்னிடம் இருக்கிறது, வைக்கிறேன்" என்று இன்னோர் ஆபீஸ் அதை வாங்குகிறது. ஆனால் வண்டி வைப்பதில்லை. ரேட்டில் கொஞ்சம் கழித்துக்கொண்டு லோடை மூன்றாம் கைக்குத் தள்ளிவிடுகிறது. அங்கிருந்து சில சமயம் நான்காம் கைக்கும் போகிறது. கொடுத்தவருக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. இதை நிறுத்த சங்கங்கள் ஒரு முறை வகுக்க வேண்டும்.

"உங்களுக்கு வரவேண்டிய கமிஷன் இன்னொருத்தன் கைக்குப் போகிறதே என்ற வயிற்றெரிச்சல்" என்று சிலர் சொல்வது எங்கள் காதுக்கும் வந்தது. கமிஷன் ஒரு பக்கம் இருக்கட்டும். லோடு கை மாறும்போது சரக்கு ஒரு வழியில் போகிறது, காகிதம் இன்னொரு வழியில் போகிறது, பணம் மூன்றாவது வழியில் போகிறது. இந்த மூன்றும் எங்கே பிரிந்தன என்பது ஏதாவது கெட்டுப்போன பிறகுதான் தெரிகிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். கோவைப் பக்கத்து மில்லிலிருந்து மும்பைப் பக்கத்துப் பிவண்டிக்குப் பருத்தி நூல் போகிறது என்று வையுங்கள். 60 கிலோ மூட்டை 300, ஆக 18 டன், பத்துச் சக்கர வண்டி. முதல் ஆபீஸ் மில் கொடுக்கிற ரேட்டிலேயே, டன்னுக்கு 3,500 வீதம் 63,000 ரூபாய்க்கு இரண்டாம் ஆபீஸிடம் கொடுக்கிறது. இரண்டாம் ஆபீஸ் 3,200க்கு மூன்றாம் ஆபீஸிடம் விடுகிறது, அது 57,600. மூன்றாம் ஆபீஸ் 3,000க்கு லாரியைப் பிடிக்கிறது, லாரிக்காரருக்கு 54,000. ரேட் சீசனுக்குச் சீசன் மாறும், இது கணக்குக்காகப் போட்டது. நடுவில் நிற்பது 9,000 ரூபாய். "இவ்வளவுதானே" என்று கேட்பவர்கள் அட்வான்ஸ் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள்.

முதல் ஆபீஸ் 90 சதவீதம், அதாவது 56,700 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டது. இரண்டாமவர் தன் ரேட்டுக்கு 80 சதவீதம் போட்டு 46,080 அனுப்புகிறார். மூன்றாமவர் தன் ரேட்டுக்கு 75 சதவீதம் போட்டு 40,500 லாரிக்கு அனுப்புகிறார். மேலே கிளம்பியது 56,700, கீழே வந்து சேர்ந்தது 40,500. 16,200 ரூபாய் வழியில் இரண்டு பேரிடம் தங்கிவிட்டது. சரக்கு இறங்கியதும் முதல் ஆபீஸ் கொடுக்க வேண்டிய பாக்கி 6,300தான். லாரிக்காரருக்கு வரவேண்டிய பாக்கியோ 13,500. முதல் ஆபீஸ் மனசு வைத்துத் தன் பாக்கி முழுவதையும் நேராக லாரிக்கே அனுப்பினாலும் 7,200 துண்டு விழும். அந்தத் தொகை நடுவில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது. நடுவில் யார் இருக்கிறார்கள் என்பதே முதல் ஆபீஸுக்குத் தெரியாது.

பிவண்டியில் குடோன் சந்தில் வண்டி நிற்கும்போது இது எப்படி இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிரைவர் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்க மாட்டார். "ஓனர் சொல்லட்டும்" என்பார். ஓனர் மூன்றாம் ஆபீஸைக் கூப்பிடுவார், போன் அணைந்திருக்கும். எல்ஆரில், அதாவது லாரி ரசீதில், இருக்கிற பெயரைப் பார்த்து முதல் ஆபீஸுக்குப் போன் வரும். "நாங்கள் கொடுத்துவிட்டோம்" என்று முதல் ஆபீஸ் சொல்வது உண்மை. "எனக்கு வரவில்லை" என்று லாரிக்காரர் சொல்வதும் உண்மை. மூட்டை இறக்க வந்த ஆட்கள் கூலி கேட்டு நிற்பார்கள், ஒரு நாள் கழித்து ஹால்ட்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான கட்டணம்) சேரும், கடைசியில் முதல் ஆபீஸ் அல்லது மில் இரண்டாம் முறை பணம் கொடுத்துத்தான் மூட்டை இறங்கும். லாரிக்காரரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருக்கிற ஒரே பிடி அந்தக் கயிறுதான்.

அந்த 9,000 ரூபாயை லாரிக்காரர் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். கோவையிலிருந்து பிவண்டி 1,250 கிலோமீட்டர் என்றால், லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்குச் சுமார் 312 லிட்டர் டீசல். லிட்டர் 92 என்று போட்டால் 28,700 ரூபாய். கையில் வந்த 40,500ல் மீதி 11,800. அதற்குள் ஆறேழு நாள் பேட்டா, டோல், லோடிங் மாமூல், வழியில் ஒரு பஞ்சர் எல்லாம் அடங்க வேண்டும். நடுவில் போன 9,000 ரூபாய்க்கு ஏறக்குறைய 98 லிட்டர் டீசல் வரும். பெங்களூரில் கிளம்பினால் ஹூப்ளியை நெருங்குகிற வரைக்கும் ஓடுகிற டீசல் அது. இந்தக் குறையை ஈடு கட்ட அவருக்கு இருக்கிற வழிகள் நமக்குத் தெரியும். வழியில் இன்னொரு பார்ட் லோடு ஏற்றுவார். மேலே இரண்டு டன் கூட வைப்பார். 2018ல் அச்சு எடை வரம்பை உயர்த்திய பிறகு இந்தப் பத்துச் சக்கர, மூன்று அச்சு வண்டிக்கு மொத்த எடை 28.5 டன், அதைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, மிச்ச எடையை அங்கேயே இறக்கவும் வேண்டும். இறக்குவது யாருடைய மூட்டை? மில்லுடைய நூல் மூட்டையாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மறுபடியும் முதல் ஆபீஸ்.

அடுத்தது காகிதம். ஜிஎஸ்டிக்காகச் சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டான ஈ-வே பில்லில் பார்ட்-ஏ சரக்கு விவரம், பார்ட்-பி வண்டி எண். மில் எந்த டிரான்ஸ்போர்ட்டரின் ஐடியைப் போடுகிறதோ அவர்தான் பார்ட்-பி போடலாம், இல்லையென்றால் போர்ட்டலிலேயே இன்னொரு டிரான்ஸ்போர்ட்டருக்கு மாற்றிவிடலாம். வாட்ஸ்அப்பில் கை மாறுகிற லோடுக்குப் போர்ட்டலில் யாரும் கை மாற்றுவதில்லை. மூன்றாம் ஆபீஸ் கிருஷ்ணகிரியில் வண்டியை மாற்றி மூட்டைகளை வேறு லாரிக்கு ஏற்றினால், அந்தப் புது எண்ணைப் போட வேண்டிய முதல் ஆபீஸுக்குச் செய்தியே போகாது. பழைய வண்டி எண்ணோடு புது வண்டி தும்கூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். ஜிஎஸ்டி பறக்கும் படை நிறுத்தினால் சரக்கின் உரிமையாளர் முன்வந்து கட்டும்போதும் வரியைப் போல் இரு மடங்கு அபராதம். நூல் கிலோ 250 ரூபாய் என்றால் 18 டன் 45 லட்சம். 5 சதவீத ஜிஎஸ்டி 2,25,000, அபராதம் 4,50,000. இந்தப் பயணத்தின் மொத்த வாடகையே 63,000தான் என்பதை மறக்க வேண்டாம்.

செல்லுபடி நாளும் இதே கதை. 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. 1,250 கிலோமீட்டருக்கு ஏழு நாள் கிடைக்கும். மூன்று கைகள் மாறுவதற்குள் இரண்டு நாள் பார்க்கிங்கில் போய்விட்டால், பில் முடிகிற நேரத்துக்கு 8 மணி நேரம் முன்போ பின்போதான் நீட்டிக்கலாம். வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்தவரிடம் லாகின் இல்லை. லாகின் வைத்திருப்பவருக்கு வண்டி எங்கே என்று தெரியாது.

எல்ஆர் இதைவிட முக்கியம். கேரேஜ் பை ரோடு ஆக்ட் என்று நாம் சொல்கிற 2007ஆம் ஆண்டுச் சட்டம், 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நம்மில் பலர் "நான் வெறும் புரோக்கர், சரக்குக்குப் பொறுப்பு லாரிக்காரர்" என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சட்டத்தின் விளக்கத்திலேயே பொதுச் சரக்கு ஏற்றிச்செல்பவர் என்ற வகைக்குள் புக்கிங் கம்பெனி, ஏஜெண்ட், புரோக்கர் எல்லோரையும் சேர்த்திருக்கிறார்கள். பதிவு இல்லாமல் அந்தத் தொழில் செய்யக்கூடாது. சரக்கு தொலைந்தால் வழக்குப் போடுகிறவர் நம் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அதிக மதிப்பை அறிவித்துக் கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்குப் பொறுப்பு வாடகையின் 10 மடங்கோடு நிற்கும். எந்த வாடகை? மில் கொடுத்த 63,000க்கா, லாரி வாங்கிய 54,000க்கா? 90,000 ரூபாய் வித்தியாசம் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ஒரே லோடுக்கு இரண்டு ஆபீஸ்கள் இரண்டு எல்ஆர் கிழித்திருந்தால் வக்கீல்களுக்குத்தான் கொண்டாட்டம்.

இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். மில்லுக்கு நஷ்டஈடு கொடுத்த பிறகு அதை நம்மிடம் வசூலிக்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடுகிறது. அதற்கு மில் சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். யாருக்கு நோட்டீஸ்? எல்ஆரில் இருப்பவருக்கு. அவரோ வண்டியைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. இடையில் மில்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்: உள்நாட்டுப் பாலிசியில் பொதுவாக ஏ வகை எடுத்தால்தான் திருட்டுக்குக் கிடைக்கும். தீ, மோதல், கவிழ்தல் போன்றவை மட்டும் அடங்கிய பி வகையை எடுத்துவிட்டுக் காணாமல் போன லோடுக்குக் கிளெய்ம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

காணாமல் போவது எப்படி நடக்கிறது என்பதையும் வெளிப்படையாகப் பேசுவோம். லோடு குரூப்பில் ஒரு நம்பர் புதிதாக வருகிறது. தெரிந்த ஆபீஸின் பெயரையும் லோகோவையும் வைத்திருக்கிறது. சந்தையைவிட டன்னுக்கு 100, 150 குறைத்துக் கேட்டால்கூடத் தகராறு செய்யாமல் ஒப்புக்கொள்கிறது. ஆர்சி, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் இரண்டு நிமிடத்தில் படமாக வருகின்றன. அவை நிஜமான ஒரு வண்டியின் காகிதங்கள்தான், அந்த வண்டி அப்போது குஜராத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நம்பர் பிளேட் மட்டும் இங்கே வேறு லாரியில். இரண்டாம், மூன்றாம் கைக்கு இதைச் சோதிக்கத் தோன்றுவதில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் முந்தையவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடுகிறார்கள். நேரடியாக லாரிக்காரரிடம் பேசுகிற ஓர் ஆபீஸ் இருந்தால் இது எளிதில் நடக்காது.

தடுக்கிற வேலையும் பெரிதில்லை. வாகன் தளத்தில் எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள், எஃப்சி (தகுதிச் சான்று), பெர்மிட், இன்ஷூரன்ஸ் தேதிகள் தெரியும். அதோடு நின்றுவிடக்கூடாது. லோடிங் இடத்தில் சேஸ் எண்ணின் மேல் வெள்ளைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பிளேட்டை மாற்றுகிறவன் சேஸ் எண்ணை அவ்வளவு சுலபத்தில் மாற்ற முடியாது. அட்வான்ஸ் போடுமுன் கணக்கில் ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைப் பாருங்கள். ஆர்சியில் இருக்கிற பெயரும் கணக்கின் பெயரும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். "மச்சான் கணக்கு" என்பது பதில் ஆகாது. அந்த வண்டிக்காரரின் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு போன் போட்டாலே பாதி சந்தேகம் தீரும்.

பெயர் பொருந்துவது வரிக்கும் தேவை. பத்து வண்டிக்கு மிகாத உரிமையாளர் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்தால் வாடகையில் வரி பிடிக்க வேண்டியதில்லை. லாரிக்காரரின் உறுதிமொழியை ஃபைலில் வைத்துக்கொண்டு பணத்தை ஒரு லாரியும் இல்லாத புரோக்கர் கணக்குக்கு அனுப்பினால் அந்த உறுதிமொழி எதற்கு ஆகும்? நடுவில் எடுத்த தொகை கமிஷன் என்றால் பதிவு வரம்பைத் தாண்டியவருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. பெரும்பாலும் அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இன்னொரு கெடுதலைப் பலரும் யோசிப்பதில்லை. ஒரே லோடு நான்கு குரூப்பில் நான்கு ரேட்டில் ஓடுகிறது. லாரிக்காரருக்கு நான்கு லோடு இருப்பதுபோல் தெரியும். அவர் 3,000க்குப் பார்த்ததை மில்லும் பார்த்துவிடும். அடுத்த வாரம் மில்லின் டிஸ்பாட்ச் மேனேஜர் அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி 3,500 எதற்கு என்று கேட்பார். கடைசிக் கையில் அழுத்தப்பட்ட ரேட்டே சந்தை ரேட் ஆகிவிடுகிறது. சில நாள் இரண்டு கைகள் இரண்டு வண்டி அனுப்பி, இரண்டும் ஒரே கேட்டில் வந்து நிற்கின்றன. காலியாகத் திரும்புகிற வண்டியின் டீசலை யார் கொடுப்பது என்று அன்று மாலை முழுவதும் சண்டை.

அமெரிக்காவில் இதற்கு டபுள் புரோக்கரிங் என்று பெயர். 2012ல் அங்கே கொண்டுவந்த சட்டம், லாரி ஓட்டுகிறேன் என்று லோடை எடுத்தவர் புரோக்கர் பதிவு இல்லாமல் அதை வேறு லாரிக்கு விடக்கூடாது என்கிறது. புரோக்கர் கட்ட வேண்டிய ஜாமீனை 10,000 டாலரிலிருந்து 75,000 டாலராக உயர்த்தியதும் அதே சட்டம்தான். அப்படியும் அங்கே இது ஒழிந்தபாடில்லை. ஆகவே சட்டம் வரும் என்று காத்திருக்க எங்களுக்கு விருப்பமில்லை. சங்கம் நினைத்தால் செய்யக்கூடியவை இருக்கின்றன.

கை மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ராத்திரி 11 மணிக்கு ஓசூரில் வண்டியின் கியர்பாக்ஸ் போனால் வேறு வண்டி வைக்கத்தான் வேண்டும். சில ரூட்டுக்கு நம்மிடம் வண்டி இருக்காது, பக்கத்து ஆபீஸில் இருக்கும். அப்போது லோடு கொடுத்தவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்கிறோம். யாருக்கு, என்ன ரேட்டுக்கு, எந்த வண்டி எண் என்று ஒரு மெசேஜ் போட்டு, "சரி" என்று பதில் வந்த பிறகு வண்டி கேட்டுக்குள் போகட்டும். ஒரு லோடில் இரண்டு ஆபீஸுக்கு மேல் இருக்கக்கூடாது. இரண்டாவது ஆபீஸ் தன் கமிஷனைத் தொகையாகச் சொல்லி வாங்கட்டும், ரேட்டுக்குள் ஒளித்து வைக்க வேண்டாம்; 500 ஆனாலும் 1,500 ஆனாலும் அது அவர் உழைப்புக்கு வரவேண்டியது, அதை யாரும் மறுக்கவில்லை. லாரி அட்வான்ஸும் பாக்கியும் முதல் ஆபீஸிலிருந்து நேராக ஆர்சி உரிமையாளர் கணக்குக்குப் போக வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அந்த 16,200 ரூபாய் வழியில் தங்கியது பணம் கை கையாகப் போனதால்தான். இதை ஒன்றை மட்டும் செய்தாலே கயிறு அவிழ்க்காத வண்டிகள் பெரும்பாலும் இருக்காது.

வண்டியை வழியில் மாற்ற நேர்ந்தால் முதலில் பார்ட்-பி, பிறகு மூட்டை. இறக்கும்போதும் ஏற்றும்போதும் எண்ணிக்கை எழுதி இரு டிரைவர்களும் கையெழுத்துப் போட்டு, அந்தக் காகிதத்தின் படமும் புது வண்டியின் ஆர்சியும் எல்ஆர் போட்ட ஆபீஸுக்கு வந்தாக வேண்டும். சரக்கு இறங்கிய அன்றே பிஓடியின் (சரக்கு வாங்கியவர் கையெழுத்திட்ட ரசீதின்) இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பினால் பாக்கியை ஏழு நாளுக்குள் கொடுக்கிறோம் என்று நாங்களும் எழுதித் தரத் தயார். ஷார்டேஜ், டேமேஜ் என்று பிடித்தம் செய்தால் பிஓடியில் பார்ட்டி எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும். பாக்கி கொடுக்காமல் இருக்க வாய்மொழிப் பிடித்தம் சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள், அதையும் சங்கம் விசாரிக்கட்டும்.

சொல்லாமல் கை மாற்றியதாகப் புகார் வந்தால் எல்ஆர், மெசேஜ், பணம் போன விவரம் மூன்றையும் வாங்கிப் பார்க்க ஒவ்வொரு சங்கத்திலும் மூன்று பேரை நியமியுங்கள். நிரூபணமானால் பாக்கியைத் தீர்க்கும் வரை அந்த ஆபீஸின் பெயரைச் சங்கப் பலகையில் எழுதி வையுங்கள். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க வேண்டுகிறோம். வரும்போது கடந்த மூன்று மாதத்தில் பாக்கித் தகராறான லோடுகளின் எல்ஆர் நகலை உறுப்பினர்கள் கொண்டுவந்தால் போதும். எந்த லோடு எத்தனை கை மாறியது என்று மேசை மேல் வைத்தே எண்ணிவிடலாம்.

இப்படிக்கு,
கொங்கு வட்டார லாரி புக்கிங் ஏஜெண்டுகள் சிலர்